நோயலின் உள்ளங்கை

நோயல் முழுப் பெட்டி பீரோடு என் வாசலில் வந்து நின்றபோதே இது சாதாரண விஷயமில்லை என்று புரிந்துவிட்டது.

டார்வின் நகரை ஒட்டிய எங்கள் ஹம்ப்டி டூ ஊர்ப் பக்கம் வீட்டுக் கொட்டகையில் பந்தய எஞ்சினை முடுக்கிப் பார்க்க நினைப்பவர், முதலில் சாலையோரம் வீடு வீடாகப் போய் ஒரு பெட்டி பீர் வைத்துவிட்டு வர வேண்டும். வாங்கிக்கொண்டவர் அப்புறம் சத்தத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. எல்லோரும் பெட்டி வைப்பார்கள். நோயல் மட்டும் ஆறு பாட்டில் கட்டு ஒன்று வைப்பார், அதிலும் இரண்டை அங்கேயே உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"என்ன நோயல், புதையல் கிடைச்சுதா?"

"மக கொரீன் வந்திருக்கா." பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "வண்டிய பெட்ரோல்லேர்ந்து மெத்தனாலுக்கு மாத்தப் போறாளாம். சனி, ஞாயிறு காது கிழியும். நாயைக் கட்டி வை, மேட்." நண்பர்கள் எல்லோரும் அவருக்கு 'மேட்'தான்.

உட்காரச் சொல்லி டீ ஊற்றினேன். கோப்பை பாதி நிறைந்ததும் அவருடைய உள்ளங்கை குறுக்கே வந்தது. அந்த உள்ளங்கை எங்கள் சாலையில் பிரசித்தம். டீயோ, சோறோ, பேச்சோ, எது வந்தாலும் பாதியில் குறுக்கே வந்து நின்றுவிடும். பள்ளிக்கூடப் பேருந்துக்கு நிற்கிற பிள்ளைகள்கூட அதைச் செய்து காட்டிச் சிரிக்கும்.

அவரைக் கேலி செய்ய எனக்கு அவ்வளவு உரிமையில்லை. என் பாகற்காய்த் தோட்டத்துப் போர் பம்ப்பைச் செத்துப்போன மூன்று பம்ப்புகளின் உறுப்புகளை வைத்து உயிர்ப்பித்துக் கொடுத்தவர் அவர். இன்றைக்கும் ஓடுகிறது. மாந்தோப்புகளுக்குப் பம்ப் மாட்டுவதுதான் அவர் தொழில். பிறந்தது தெற்கே வறண்ட மாட்டுப் பண்ணை ஒன்றில். குடும்பமே ஒரே தொட்டித் தண்ணீரில் குளித்து, கடைசியில் குளித்தவரின் அழுக்குத் தண்ணீரைப் பூசணிக் கொடிக்கு ஊற்றுவார்களாம். அப்படி வளர்ந்தவருக்கு எதையும் சிந்தப் பார்த்தால் வயிறு எரியும். அவருடைய கொட்டகையில் சுவர் முழுக்கக் காப்பித் தூள் டப்பாக்கள். ஒரு திருகாணியைக்கூட வீசியதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் பர்ன்அவுட் போட்டியில் போய் விழுந்ததுதான் எங்களுக்கெல்லாம் அதிசயம். முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுழற்றி, டயர் புகையாகி வெடிக்கும் வரைக்கும் வண்டியைத் திடலில் ஆட்டுகிற போட்டி அது. சிக்கனத்துக்கு நேர் எதிரியாக ஒன்றை யோசித்துக் கண்டுபிடித்தாலும் இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது. மஞ்சள் நிற யூட் ஒன்று, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டுள்ள கார், வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரே ஒரு போட்டி, அதுவும் யாரோ தேய்த்துப் போட்ட பழைய டயரில்.

மகள் கொரீன் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டியில் அதே யூட்டை ஓட்டினாள். நடுத்திடலில் எஞ்சின் உடைந்து எண்ணெய் கொட்டியது. கூட்டத்துக்கு நடுவில் வைத்து நோயல் சொன்னார், "உன் மேல ஊத்துனதெல்லாம் வீண்." அவ்வளவுதான். அந்த வாரமே அவள் மேற்கே சுரங்க வேலைக்குக் கிளம்பிப் போனாள். ராட்சச லாரி எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிற வேலை. கிறிஸ்துமஸுக்கு அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். இப்போது புது எஞ்சின் ஒன்றைத் தானே கட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறாள்.

மறுநாள் வேலியோரம் மாரிவிக்கைப் பார்த்தேன். நோயலின் மனைவி, கடல் தாண்டி வந்த இலோய்லோ ஊர்க்காரி. மாங்காய்ப் பருவத்தில் பெட்டி போடும் கொட்டகையில் வேலை. காம்பிலிருந்து வடிகிற பால் பட்டு முழங்கை வரைக்கும் கன்றிச் சிவந்திருந்தது.

"பொண்ணு வந்ததுல சந்தோஷமா?" என்று கேட்டேன்.

"சந்தோஷமா பயமான்னு எனக்கே தெரியல." தோட்டத்துக் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். "அந்த எஞ்சின்தான் ரெண்டு பேருக்கும் நடுவுல இப்ப பாலம். வேற பேச்சே கிடையாது. 'உப்பக் குடு'ன்னுகூட அப்பன்கிட்ட கேக்க மாட்டேங்கிறா, எழுந்துபோய் எடுத்துக்கிறா. எஞ்சின்னா மட்டும் பேசுறாங்க."

"பேசட்டுமே."

"இதுவும் உடஞ்சுதுன்னு வை, அவ திரும்பி வர மாட்டா. எனக்குத் தெரியும். நான் பெத்தது அது."

சனிக்கிழமை பிற்பகல் முதல் முடுக்கல். மழைக்கு முந்தைய அந்த மாதத்தை எங்கள் ஊரில் யாரும் விரும்புவதில்லை. மத்தியானமானால் மேகம் கறுக்கும், இடிக்கும், ஒரு சொட்டு விழாது. காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். நோயலின் தகரக் கொட்டகைக்குள் நிற்கவே முடியவில்லை. இருந்தும் சாலைக்காரர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தோம். பீர் வாங்கியாயிற்றே.

யூட்டின் மூடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். எஞ்சின் தலையில் காற்றை அமுக்கித் திணிக்கிற புளோவர், அதற்குக் கீழே எரிபொருளைப் பீய்ச்சுகிற இஞ்செக்டர்கள், பழையதைவிடக் கொழுத்தவை, சிலிண்டருக்கு இரண்டு. பக்கத்தில் மெத்தனால் டிரம். கொரீன் குட்டையான உருவம், அம்மாவின் முகம், அப்பாவின் தோள். மடிக்கணினியை ஒரு டயர் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, பெட்ரோல மறந்துடு. இது அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல குடிக்கும்."

"ரெண்டு மடங்கா? இது எஞ்சினா, ஒட்டகமா?"

"குடிச்சாத்தான் குளுரும். ஒரே எடத்துல நின்னு சுத்துற வண்டிக்கு ரேடியேட்டர்ல காத்தே படாது. பெட்ரோல்னா வெந்துடும். மெத்தனால் உள்ள போறப்பவே சூட்ட உறிஞ்சிக்கிட்டுப் போகும். அதனால கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்துனா பரவாயில்ல. கொறஞ்சாத்தான் ஆபத்து."

"ஜாஸ்தியா ஊத்துனா பரவாயில்ல," என்று நோயல் ஒருமுறை திருப்பிச் சொன்னார். அந்த வாக்கியம் அவர் வாயில் புது மொழி மாதிரி இருந்தது.

முடுக்கினாள். தகரம் அதிர்ந்து கூரையில் இருந்த பல்லிகள் ஓடின. எஞ்சின் குளறிக் குளறி ஓடியது, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி. புகைக்குழாயிலிருந்து எரியாத மெத்தனால் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எல்லோருக்கும் கண் எரிந்து நீர் கொட்டியது. நோயல் ஒரு காப்பி டப்பாவைத் தேடி எடுத்து, சொட்டுக்கு நேர் கீழே வைத்தார். கொரீன் திரும்பிப் பார்த்தாள். வந்த நாளாகச் சிரிக்காதவள், சத்தமாகச் சிரித்தாள்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். புளோவரின் அடியில், இஞ்செக்டர்கள் உட்கார்ந்திருக்கிற அலுமினியத்தில், முதலில் வேர்த்தது. பிறகு அந்த வேர்வை வெளுத்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். பனி. கை வைத்தால் கொப்பளிக்கிற தகரக் கொட்டகையில், ஓடுகிற எஞ்சினின் மேல், வெள்ளை வெளேரென்று பனி ஏறிக்கொண்டிருந்தது. அடியில் அத்தனை நெருப்பு, ஒரு சாண் மேலே பனி. பனியே விழாத ஊரில் பிறந்து பனியே விழாத ஊரில் குடியேறியவன் நான். இன்னும் ஓரடி கிட்டே போய்ப் பார்த்தேன். பீர் பாட்டிலை உதட்டுக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டு ஷான் அப்படியே நின்றுவிட்டான்.

"காத்துல இருக்குற ஈரம்," என்றாள் கொரீன் எஞ்சினை நிறுத்திவிட்டு. "இது இப்படி வெளுத்துச்சுன்னா உள்ள போதுமான அளவு போகுதுன்னு அர்த்தம். எங்க, அம்மா வந்தாச்சா?"

மாரிவிக் வேலை முடிந்து அப்போதுதான் வாசலில் நின்றாள். கொரீன் விரலால் பனியை வழித்து, ஓடிப்போய், அம்மாவின் கன்றிய முழங்கையில் அப்பினாள்.

"ஐயோ! என்னடி இது?"

"எஞ்சின் போட்ட ஐஸு. நல்லாருக்கா?"

"நல்லா… நல்லாத்தான் இருக்கு." மாரிவிக்கின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "புகை," என்றாள்.

நோயல் எண்ணெயை வடித்தார். மெத்தனால் கலந்து பால் டீ நிறத்தில் வந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்ற வேண்டும் என்று கொரீன் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஷான் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தான். அந்த எண்ணெயைக் கொட்ட மனமில்லாமல், வாசல் கேட்டின் கீலுக்கு ஆகும் என்று மூடி வைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாராப் சந்தைக்குப் போய் லக்ஸா நூடுல்ஸ் சூப் சாப்பிட்டுவிட்டு நான் போனபோது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மாறியிருந்தது. குளறல் இல்லை. ஒவ்வொரு வெடிப்பும் வெடுக்கென்று தனித்தனியாகக் கேட்டது. நோயலுக்குப் பூரிப்பு.

"கேட்டியா மேட், எப்படிப் பாடுது! சூட்டு முள்ளு ஏறவே இல்ல பாரு."

கொரீன் கணினியைப் பார்க்கவில்லை. புளோவரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பனி எங்க?" என்றாள்.

அலுமினியம் லேசாக வேர்த்திருந்தது, அவ்வளவுதான். சட்டென்று எஞ்சினை அணைத்தாள். அந்த அமைதியில் வெளியே காக்கட்டூப் பறவைகள் கத்துவது கேட்டது. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் வெள்ளைப் பீங்கானில் வெள்ளிப் பொடி தூவியது போல நுண்ணிய புள்ளிகள்.

"யார் தொட்டது?"

எரிபொருள் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுக்குப் பொருந்தும் சின்ன ஸ்பானர், எப்போதும் போல நோயலின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"கொஞ்சூண்டுதாம்மா திருப்புனேன்," என்றார். "சொட்டிக்கிட்டே இருந்துச்சு. மனசு கேக்கல."

"இது என்னன்னு தெரியுதா? பிஸ்டனோட அலுமினியம். உருகி வந்து ஒட்டியிருக்கு."

"உருகுச்சா? முள்ளு ஏறவே இல்லையே!"

"ஏறாதுப்பா! பெட்ரோல்னா கொதிச்சுக் காட்டிக் குடுக்கும். இது வெளியில சில்லுன்னு இருந்துக்கிட்டே உள்ள செத்துப்போகும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா பிஸ்டன்ல ஓட்டை." பிளக்கை மேசையில் வைத்தாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த வாரம் போட்டி. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. கொறைக்காதேன்னேன்."

வெளியே போய் மாமரத்தடியில் நின்றாள். சமையலறை வாசலில் மாரிவிக் கரண்டியோடு நின்றிருந்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

நோயல் அந்தப் பிளக்கை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் போய் டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினார். ஆணி, வாஷர், பம்ப் ரப்பர். எதையோ நினைத்துத் தேடுகிறார் என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. மேல் வரிசையில் ஒரு டப்பா. அதிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய பழைய பிளக்குகள் வந்தன. ஒன்றைச் சட்டையில் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பிளக்கையும் ஒரே கையில் ஏந்திக்கொண்டு மாமரத்தடிக்குப் போனார்.

"இது எதோடது?" என்றாள் கொரீன்.

"பழைய எஞ்சினோடது. நீ ஓட்டுனியே, அது."

அவள் வாங்கிப் பார்த்தாள். அதே வெள்ளிப் புள்ளிகள்.

"அன்னிக்குக் காலையில பெட்ரோல் வாசனை ஜாஸ்தி அடிச்சுது," என்றார் நோயல். "நீ ஏறுறதுக்கு முன்னாடி நான்தான் கொறைச்சு வச்சேன். உடஞ்சப்புறம் கோவத்துல இதையெல்லாம் பாக்கவே இல்ல, டப்பாவுல போட்டு மூடிட்டேன். ஆக்ஸிலேட்டர்ல இருந்த உன் கால் இல்லம்மா அது. என் கை."

தூரத்தில் இடித்தது. மழை வரவில்லை.

"ஆறு வருஷம்பா."

"ஆமா."

"அங்க ஒவ்வொரு எஞ்சினையும் மூணு வாட்டி சரிபாத்துத்தான் மூடுவேன். நம்மளாலதான் எல்லாம் உடையுதுன்னு…" அவள் முடிக்கவில்லை. பிளக்கை அவர் கையில் திருப்பி வைக்கவும் இல்லை. பிறகு கையை நீட்டினாள். "ஸ்பானரக் குடு."

கொடுத்தார். அவள் கொட்டகைக்குள் போய், நேற்றிருந்த அளவுக்கும் மேலே ஒரு சுற்றுத் திருப்பி இறுக்கினாள். ஸ்பானரைத் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பிஸ்டன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று குழாய்க் காமிராவை உள்ளே விட்டுப் பார்த்துச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் எஞ்சின் பேச்சுகூட இல்லை என்று மாரிவிக் வேலியோரம் சொல்லிவிட்டுப் போனாள்.

போட்டி நாளில் திடலைச் சுற்றிப் பாதி டார்வின் கூடியிருந்தது. ரொட்டியில் சுருட்டிய சாசேஜ், வதக்கிய வெங்காய வாசனை, ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்த குடும்பங்கள், மேலே கறுத்துத் தொங்குகிற மேகம். மாரிவிக்கும் நானும் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யூட் வரிசையில் முன்னால் வந்தது. இடப்பக்க இருக்கை காலி. பர்ன்அவுட்டில் அங்கே ஒரு துணை உட்காருவது வழக்கம். நோயல் யாரையும் ஏற்றியதில்லை, ஒரு ஆளின் எடை வீணாம்.

கொரீன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அப்பா, ஏறு."

"நானா? எதுக்கு?"

"எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. உன் பக்கத்துலேர்ந்து எஞ்சினப் பாத்துச் சொல்லணும். கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

தன் சொந்த வண்டியில் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார் நோயல். தலைக்கவசம் மாட்டத் தெரியாமல் திணறினார், அவள்தான் குனிந்து வாரைப் பூட்டிவிட்டாள்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பல வருஷமாகப் போட்டி பார்க்கிறவன் நான். ஆனால் அந்த எஞ்சின் முழுவாயைத் திறந்தபோது சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. வேலிக்கம்பி கையில் துடித்தது. பின்சக்கரங்களிலிருந்து புகை கிளம்பவில்லை, கொட்டியது. திடல் மறைந்து, எதிர்ப்பக்கத்துக் கூட்டம் மறைந்து, கடைசியில் வானமும் மறைந்தது. அந்த வெண்மைக்குள் மஞ்சளாக ஒரு மூக்கு மட்டும் தோன்றித் தோன்றி மறைந்தது. நாலு சக்கர இரும்பை அவள் ஒரு விரலால் சுழற்றுகிற மாதிரி இருந்தது. சாமி வந்த இடத்தில் நிற்கிற மாதிரி நின்றோம்.

நடுவில் எஞ்சின் ஒரு தடவை குளறியது. முழுங்க முடியாமல் முழுங்குகிற அந்தச் சத்தம். வண்டி எங்களை நோக்கித் திரும்பியது, முன் கண்ணாடிக்குப் பின்னால் நோயலின் கை உயர்வது தெரிந்தது. உள்ளங்கை குறுக்கே வந்தது.

மாரிவிக் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நிறுத்தச் சொல்றான். ஐயோ, இப்பவும் போதும்னு சொல்றான் பாரு இந்த மனுஷன்!"

புகை மூடியது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் எங்களைப் பார்த்தது. அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. ஆனால் உள்ளங்கை மேலே பார்த்துத் திரும்பியிருந்தது. விரல்கள் நாலும் மடங்கி மடங்கி வாரிக்கொண்டிருந்தன. இன்னும். இன்னும் கொடு.

அவள் கொடுத்தாள். குளறல் உடைந்து ஒரே கூவலாக ஏறியது. ஒரு டயர் வெடித்தது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும். அவள் விடவில்லை. ரப்பர் தீர்ந்து, கம்பி தீர்ந்து, வெறும் சக்கரம் தரையில் பொறி பறக்கவிட்டபோதும் அந்தக் கை வாரிக்கொண்டேயிருந்தது. மாரிவிக் அழுதுகொண்டே சிரித்தாள். எங்கள் பக்கம் இன்னும் மெத்தனால் புகை வந்திருக்கவில்லை.

வண்டி தன் சக்தியிலேயே தடதடவென்று திடலைவிட்டு வெளியே வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். மெதுவாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் நடுவே, மறுபடியும், பனி வெள்ளையாகப் படிய ஆரம்பித்திருந்தது. கொரீன் அணைத்தாள். இருவரும் இறங்கினார்கள். நோயலின் முகம் கரியில் கறுத்து, கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியிருந்தது.

கொரீன் பின்சக்கரங்களைப் பார்த்தாள். டாங்க் மூடியைத் திறந்து பார்த்தாள். இடுப்பில் கைவைத்து அப்பாவைப் பார்த்தாள்.

"எல்லாம் வீணாப் போச்சேப்பா."

நோயலும் டாங்க்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார். "ஒரு சொட்டு மிச்சமில்ல." சிரிக்கிறார் என்று தெரிந்தது. "அடுத்த வாட்டி டிரம் ரெண்டா சொல்லி வைப்போம். நீ வருவேல்ல?"

கொரீன் பைக்குள் கையை விட்டாள். அந்தச் சின்ன ஸ்பானரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

நோயல் உள்ளங்கையைக் குறுக்கே வைத்தார்.

"உங்கிட்டயே இருக்கட்டும்," என்றார்.